அவதி வெப்பநிலை

பதினேழாவது ஓட்டமும் நின்றுவிட்டது.
ராத்திரி இரண்டே கால்.
திரையில் ஒரே சொல்:
ஒருங்கவில்லை.

மடுல்சீமையில் மழைக்கு நேரகாலம் கிடையாது.
வாடகை அறையின் தகரம் முழுக்க அதன் சத்தம்.
மடிக்கணினியைக் கம்பளிக்குள் வைத்திருக்கிறேன்,
அதற்குக் குளிருமென்றா, எனக்கா, தெரியவில்லை.

முப்பத்தொரு பாகை.
எழுபத்து மூன்று வளிமண்டல அமுக்கம்.
இரண்டையும் தாண்டினால் காபனீரொட்சைட்டு
வாயுவுமில்லை, திரவமுமில்லை.
பள்ளிக்கூடப் புத்தகம் அந்த எல்லையை
அவதி என்றது.
பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.
அப்போது சிரிக்கத் தெரியவில்லை.

இதுவுமில்லை அதுவுமில்லை என்றதும்
எங்கள் ஆட்களுக்கு ஓர் உவமை கைக்கு வந்துவிடும்:
கப்பல், கைநாட்டு, கிடைக்காத அடையாள அட்டை.
வரட்டும். வாசலில் நிற்கட்டும்.
எனக்கு இப்போது வேண்டியது அடர்த்தி.
எல்லைக்குப் பக்கத்தில்
வெப்பம் இம்மி நகர்ந்தால் அது பாதியாய் விழுகிறது.
கணினி மிரண்டு காலடியைக் குறுக்குகிறது:
ஒரு மாதம், ஒரு நாள், ஒரு செக்கன்.
பிறகு நிற்கிறது,
பள்ளத்தைக் கண்ட மாடு.

நினைத்தது எளிதான காரியம்.
குளிர்ந்தது கனத்து ஒரு கிணற்றில் இறங்கும்.
சுட்டது இலேசாகி மறு கிணற்றில் ஏறும்.
பம்பி தேவையில்லை.
தண்ணீரைவிடப் பிசுக்குமை குறைவு,
உப்பைக் கரைத்து வந்து குழாயில் அப்பாது.
இறக்கியதில் கொஞ்சம் திரும்பாது; அது பாறையின் பங்கு.
ஏறி வரும் சூடு
தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிக்கு.
இன்றைக்கு அங்கே போவது
சவுக்கு விறகின் சூடு.

இரண்டாயிரம் மீற்றரில் தொண்ணூறு பாகை இருக்கலாம்.
இருக்கலாம் என்பதுதான் என் தொழில்.
சோதனைக் கிணறு அறுநூற்று நாற்பதோடு நிற்கிறது.
மிச்சம் முழுக்க நான் போட்ட கட்டங்கள்,
நாற்பதாயிரம்.
எல்லாவற்றுக்கும் ஒரே ஊடுபுகவிடும் தன்மை,
எங்கு வெட்டினாலும் ஒரே துளையுள்ள
பாண் மாதிரி.

தூக்கம் வராமல் ஃபோனைத் தள்ளிக்கொண்டு போகையில்
நாலு நாளாய்க் கேட்காத ஒரு குரல்.
துளையிடும் இடத்தில் சேறு கலக்கும் ஜெகதாஸ்.
"மிஸ், அறநூத்திப் பன்னெண்டுல
பிட்டு தானா ஒரு சாண் எறங்கிருச்சி.
ஊத்துன சேறு அம்புட்டும் குடிச்சிருச்சி.
பொஸ் எழுத வேணாம்னாரு.
ஒங்களுக்குச் சொல்லிட்டேன்."
பின்னால் எஞ்சின் இரைச்சல்.
யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

அறுபது கட்டங்களைச் சாய்வாக மாற்றினேன்.
அந்தப் பிளவு ஆழத்துக்கும் போகும் என்று வைத்தேன்.
பதினெட்டு.

ஓடியது.
முதலாம் வருஷம் ஒருங்கியது.
இரண்டாம் வருஷம் ஒருங்கியது.
நான் எழும்பி நின்றுவிட்டேன்,
கம்பளி காலடியில்.
ஆறாம் வருஷத்தில்
மேலே வருவது நாற்பத்து நான்கு பாகை.
குறுக்கு கண்டுபிடித்துவிட்டது.
இருபுறமும் சுடும் பாறை கிடக்க,
எதையும் சரியாகத் தொடாமல்
இந்த வழியாய் இறங்கி அந்த வழியாய் ஏறுகிறது,
பெரட்டுக்குப் பிந்தியவர் போல.

முன்மொழிவில் முப்பது வருஷம் என்றிருக்கிறது.
அதை எழுதியதும் நான்தான்.
நின்றுபோன பதினேழும் ஒன்றும் சொல்லவில்லை.
ஓடியது சொல்கிறது.

மழை விட்டிருந்தது.
தொழிற்சாலைப் புகைபோக்கியில் முதல் புகை,
நான் ராத்திரி முழுக்க மண்ணுக்குள் இறக்கிய அதே சாமான்,
சாவகாசமாய் மேலே போகிறது.

முப்பதை வெட்டி ஆறு என்று போட்டேன்.
காரணம் என்ற இடத்தில்: ஒரு சாண்.
சாண் எல்லாம் ஓர் அலகா என்று
பேராதனையிலிருந்து கேட்பார்கள்.
ஜெகதாசுக்கு அனுப்பினேன்:
உங்கள் கை எத்தனை சென்ரிமீற்றர்?
பார்த்துவிட்டான்.
இன்னும் பதில் இல்லை.
அளந்துகொண்டிருப்பான்.