முப்பதாயிரம் எழுத்து

சந்தூரிலிருந்து இரண்டு குப்பிகள், ஒரே வீடு.
மாதையன், ஐம்பத்தொன்று. சம்பங்கி, தம்பி, நாற்பத்தெட்டு.
ஐஸ் பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டி
பெங்களூர் வண்டியில் ஏற்றிவிட்டது நான்தான்.

முடிவு வர முப்பத்தெட்டு நாள்.
அதற்குள் மாதையனுக்குக் காரியம் முடிந்திருந்தது.
சம்பங்கி நர்சரிக்குத் திரும்பிவிட்டான்.
செந்தூரா பழுத்த வாசம் மட்டும் தெரியவில்லை என்று
கிருஷ்ணகிரி வந்து
ஆய்வக ஜன்னலில் நின்றான்,
ரசீது கேட்பவனைப் போல.

தாளில் முப்பதாயிரம் எழுத்து.
மூலப்படியிலிருந்து நாற்பத்தொரு இடத்தில் பிழை.
இரண்டு குப்பியிலும்
அதே நாற்பத்தொன்று.
விரல் வைத்து வைத்து ஒப்பிட்டேன்.
ஒன்றாவது மாறியிருந்தால்
சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும்.

"அண்ணனுது பெருசு, என்னுது சின்னதா சார்?"
ரெண்டும் ஒண்ணேதான்பா.

ஒட்டு கட்டுகிற கை. யோசித்துச் சொன்னான்:
"ஒரே தாய்மரத்துக் குச்சிதான்.
செம்மண்ணுல ஒரு மாதிரி வரும்,
பாறை மேல ஒரு மாதிரி."
கொஞ்ச நேரம் கழித்து,
"எங்க ரெண்டு பேருக்கு
மண்ணும் ஒண்ணுதானே சார்."

என்னிடம் பதில் இல்லை.
தாளைக் கேட்டு வாங்கினான்.
மோந்து பார்த்தான்.
திருப்பிக் கொடுத்தான்.