ஏறுவதற்கு ஒரு ஸ்டூல்

பதினோரு மாதம் கழித்து
கிராம்பின் பக்கத்தில் நிற்கிறேன்.
மோந்து பார்த்தது.
கோட்டுப் பையில் கேரட் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
அவ்வளவுதான் வரவேற்பு.

சோளம் சுடும் கடையிலிருந்து
சிக்கந்தர் ஸ்டூல் வாங்கிவந்தான்.
"பிலோமிக்கா, டாக்டர் என்ன சொன்னாரு?"
வண்டி ஓட்டலாம் என்றார், மாடி ஏறலாம் என்றார்,
குனிந்து குடம் தூக்கக் கூடாது என்றார்.
குதிரை என்ற சொல்லை
அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
வீட்டில் ரேஷன் கடைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.
பை கூடக் கையில் இருக்கிறது.

அன்றைக்கு நாயுடுபுரம் திருப்பத்தில்
சைப்ரஸ் மறைவிலிருந்து காட்டெருமை
சும்மாதான் வந்தது,
தெருக்குழாய்க்கு வருகிற ஆள்போல.
கிராம்பு எழும்பியது தெரியும்.
அப்புறம் வானம்,
அதில் ஒரு கேபிள் ஒயர்.
காலை அசைக்கச் சொன்னார்கள்.
அசைத்தேன் என்றுதான் நினைத்தேன்.
ஓடிப்போகாமல் பக்கத்திலேயே நின்றதாம் குதிரை,
ஊரே அதைச் சொல்லிக் கண் கலங்குகிறது.
எனக்குத் தெரியும்,
நான் விழுந்த இடத்தில் புல் நன்றாக இருந்தது.

மதுரையில் இரண்டு கம்பி, ஆறு திருகாணி.
அதுவரை நான் அறிந்தது
தோட்டுத் திருகாணி மட்டும்.
அதைக் கழற்றித்தான் முன்பணம் கட்டினோம்.
மீதியைக் கிராம்பு கட்டியது,
ஏரியைச் சுற்றிச் சுற்றி,
தேனிலவுக்காரர்களை, குரங்குத் தொப்பிக் குழந்தைகளை,
ஏறியதும் கத்துகிறவர்களை,
இறங்கமாட்டேன் என்று அழுகிறவர்களைச் சுமந்து.
சிக்கந்தர் நோட்டில் எல்லாம் எழுதியிருக்கிறான்.
படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஒரு திருகாணிக்கு
நூற்றுப் பன்னிரண்டு சுற்று.

அதற்கு வயிற்றுவார், எனக்கு இடுப்பு பெல்ட்.
இரண்டிலும் ஒரு விரல் விட்டுப் பார்த்தேன்.
ஸ்டூலில் கால் வைத்தேன்.
இடது குதிகால் இன்னும் என் வசம் வரவில்லை,
செருப்பு கழன்றால் சத்தத்தை வைத்துத்தான் தெரிகிறது.
குதிரைக்கும் குதிகாலுக்கும்
எவனோ ஒரே குதியை வைத்துத் தொலைத்திருக்கிறான்.
அங்கவடிக்குள் அதைக் கண்ணால் பார்த்து நுழைத்தேன்,
தூங்கும் பிள்ளைக்கு ஷூ மாட்டுவதுபோல.
மேலே.

உயரம் மறந்துபோயிருந்தது.

இருபது அடி நடந்திருக்கும்.
நின்றது.
தட்டினேன், அதட்டினேன், கெஞ்சினேன். ம்ஹூம்.
ஏரியைப் பார்த்துக் கழுத்தை வளைத்து
சிலை மாதிரி நிற்கிறது.
சிக்கந்தர் சிரிக்கிறான்:
"அக்கா, அது போட்டோ எடுக்குற எடம்."
எண்ணி முப்பது. பிறகு தானாகவே நடந்தது.
வழி நெடுக இப்படி ஏழு இடம்.
வாக்கரைப் பிடித்து நான் நடக்கப் பழகிய மாதங்களில்
அது நிற்கப் பழகியிருக்கிறது.

போட்கிளப் தாண்டி
சாலையோரம் காட்டெருமைச் சாணி,
ஆவி பறக்க.
என் தொடை இறுகியது.
அதன் காதுகள் பின்னால் திரும்பின,
சீகைக் காட்டை நோக்கியல்ல, என்னை நோக்கி.
கயிற்றைத் தளர்த்து என்று
கைக்கு நான் சொல்லி, கை அதைக் கேட்க
நேரம் பிடித்தது.
கிராம்பு சாணியைச் சுற்றிப் போனது,
பட்டுப்புடவையில் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி.

ஓடவில்லை. ஓட்டவும் இல்லை.
மழை வரும் என்று காலையிலேயே
முதுகுக் கம்பிகள் சொல்லியிருந்தன.
வந்துவிட்டது.
திரும்பிவந்தால் சோளக்கடை பூட்டியிருக்கிறது,
ஸ்டூல் உள்ளே.
சிக்கந்தர் சாவி தேடி ஓடினான்.

இறங்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
குடைக்குள்ளிருந்து ஒருவர் கேட்கிறார்,
"ரவுண்டு எவ்வளவும்மா?"
"ஐந்நூறு" என்கிறேன். "இன்னிக்கு இல்ல."
ரேஷன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறேன்.
அடியில் கிராம்பின் முதுகு
மூச்சுக்கு ஏற்ப அகன்று, சுருங்கி,
என்னுடையதைவிடச் சூடாக.
சாவி எங்கே போயிருக்கும்.
மெதுவாகவே கிடைக்கட்டும்.