மூன்று புள்ளி ஒன்பது

பாட்டிலை மூன்று முறை அலம்பணும்,
கடல்நீரிலேயே. குழாய்த் தண்ணீர் பட்டால் போச்சு.
சொன்னவள் இக்னாசியா. வயது இருபத்தொன்பது.
கப்பலில் என் மேலதிகாரி.
முப்பத்தோரு வருஷம் விஞ்ஞானம் நடத்தியவள் நான்,
சரி என்று தலையாட்டிவிட்டு
நான்கு முறை அலம்பினேன்.
"மூன்றுதான்" என்றாள், நிமிராமல்.

பொர்வெனீரில் எங்கள் பள்ளிக்குத் தகரக் கூரை.
காற்றடித்தால் பாடம் கேட்காது.
அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்தது:
துருவ ஆய்வுக்கு ஓர் ஆசிரியர் தேவை.
கப்பல் ஏறினால் குமட்டல் வருமா?
வராது என்று எழுதினேன்.
ட்ரேக் நீரிணையில் இரண்டு நாள்
அந்தப் பொய்யை வாளியில் வாந்தியெடுத்தேன்.

ஏப்ரல் கடைசி. ஐந்து மணிக்கே இருட்டு.
இன்று அலைகள் பேசிக்கொண்டே இருந்து
பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டன.
தண்ணீர்மேல் எண்ணெய் கொட்டியதுபோல் ஒரு மினுக்கம்.
"பிடிக்கிறது" என்றார் சுக்கான் பிடிக்கும் ஒபாண்டோ,
பாலில் ஆடை படர்வதைச் சொல்வதுபோல.
வெப்பமானியை இறக்கிப் படித்தது நான்தான்.
மைனஸ் ஒன்று புள்ளி எட்டு.
பூஜ்யத்தை எப்போதோ தாண்டியும்
கடல் கடலாகவே இருந்திருக்கிறது.
தெரிந்த விஷயம்தான். உப்பு, உறைநிலை,
பாடநூலில் பெட்டி போட்ட குறிப்பு, தேர்வுக்கு வராதது.
தெரிந்திருப்பது வேறு,
கையுறை நுனியில் அது வந்து ஒட்டுவது வேறு.

லிசாண்ட்ரோ மான்சியா.

தொண்ணூற்றெட்டு, எட்டாம் வகுப்பு, டிசம்பர்த் தேர்வு.
கேள்வி ஆறு: தண்ணீர் எந்த வெப்பநிலையில் உறையும்?
"எந்தத் தண்ணீர்? கடல் என்றால் இன்னும் கீழே."
சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன்.
கூட்டினால் மூன்று புள்ளி ஒன்பது.
எங்கள் நாட்டில் நாலு எடுத்தால் தேர்ச்சி.
ஏழு வரைக்கும் எண்கள் உண்டு,
ஆனால் அப்பாக்கள் விசாரிப்பது நாலைத்தான்.
மார்ச்சில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை.
நண்டுப் படகில் பார்த்ததாகச் சொன்னார்கள்.
அந்தப் பத்தில் ஒன்றால்தான் என்று சொல்லமாட்டேன்.
இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

செயற்கைக்கோள் வழியாக எனக்கு இரவில் பத்து நிமிடம்.
ஏழாம் வகுப்பு கேட்டிருந்த பென்குவின் படத்தை அப்படியே விட்டுவிட்டு
அவன் மனைவி நடத்தும் நண்டுக் கடை முகவரிக்கு எழுதினேன்:
லிசாண்ட்ரோ, நீ எழுதியது சரி.
உன் மதிப்பெண் நாலு புள்ளி நாலு.
இருபத்தாறு வருஷம் தாமதம், மன்னிக்கணும்.
கீழே என் பெயர். பதவி: பாட்டில் அலம்புபவள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது.

"டீச்சர், அது என் விடை இல்லை.
முன்பெஞ்சு ஸ்லாத்காவைப் பார்த்து எழுதினது.
அவள்தான் முதலில் அப்படி எழுதினாள்.
நீங்கள் எங்கள் வரிசைக்கு நடந்து வந்தீர்கள்,
சடசடவென்று அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள்.
என்னிடம் ரப்பர் இல்லை.
பனி எவ்வளவு கனம்? எஞ்சின் தாங்குமா?"

இரண்டு சென்டிமீட்டர், தாங்கும் என்று எழுதினேன்.
நிமிடங்கள் மீதி இருந்தன.

ஸ்லாத்காவுக்கு ஏழுக்கு ஏழு.
அந்தத் தாளை எல்லோரும் பார்க்கட்டும் என்று
வகுப்பின் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன்.
அழித்த இடத்தில் காகிதம் மெலிந்திருக்கும்.
ஒரு வருஷம் முழுக்க
வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தது.