கால் கட்டணம்

விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன் இன்று.
தொண்ணூற்றிரண்டிலிருந்து இரண்டாயிரத்திரண்டு வரை
மாயவரம் பட்டமங்கலத் தெருவில்
எஸ்டிடி ஐஎஸ்டி பிசிஓ என்ற மஞ்சள் பலகைக்குக் கீழே
நான் உட்கார்ந்திருந்ததற்குச்
சம்பளச் சீட்டு கிடையாது.
கலியபெருமாள் கொடுத்தது மாதம் நானூறு.
தீபாவளிக்கு ஒரு புடவை,
அவர் மனைவி வேண்டாமென்று ஒதுக்கிய நிறத்தில்.

சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே
இருபதிலிருந்து முப்பதுக்கு வந்தேன்.

கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால்
வெளியே கேட்காது என்று நினைத்துப் பேசுவார்கள்.
எனக்கு எல்லாம் கேட்கும்.
சீட்டுக்காரன் ஓடிப்போனது
ஊருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
எந்த வீட்டு மாப்பிள்ளை கைநீட்டுகிறான் என்று தெரியும்.
ஆனி பிறந்துவிட்டால்
முக்கொம்பில் இருக்கும் மச்சானைக் கூப்பிட்டு
ஒரே வார்த்தை கேட்பார்கள்:
வந்துடுச்சா?
அந்தப் பக்கத்துப் பதிலை
இந்தப் பக்கத்துப் பிடரியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
தண்ணீர் வராத வருஷங்களில்
சில்லறையை எண்ணாமல் வைத்துவிட்டுப் போவார்கள்.
நான் எண்ணுவேன்.
மிச்சத்தை எப்போதும் கூப்பிட்டுக் கொடுத்தேன்
என்று சொல்ல முடியாது.

சந்தோஷமாக இல்லையா என்றால், இருந்தேன்.
பதினொன்றுக்கு மேல் கால் கட்டணம்.
கைலியும் நைட்டியுமாகத் தெருவே வரிசையில் நிற்கும்.
கொசுவும் சிரிப்பும் யாருடையதோ வேர்க்கடலையும்.
என்னைக் கூட்டிப்போக வந்த தம்பி
எதிர்க்கடைப் படியில் சைக்கிளைப் பிடித்தபடியே தூங்குவான்.
அந்த வரிசையில்தான் இளஞ்சேரன் கேட்டான்:
'சேலத்துக்குக் கோடு நம்பர் என்னங்க?'
பூஜ்யம் நாலு ரெண்டு ஏழு.
அவனுக்குச் சேலத்தில் யாருமே இல்லை என்பது
ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது.
ஏதோ ஒரு அரிசி மண்டிக் காவலாளியை எழுப்பி
மணி கேட்டுவிட்டு வைத்திருக்கிறான்,
வாரம் இரண்டு தடவை, காசு கொடுத்து.

பிறகு அந்த ஐப்பசி.
பின்தெரு ஜுனைதாவுக்கு எங்கள் நம்பர்தான் பிபி.
ஷார்ஜாவிலிருந்து ஒரு ஆண்குரல், மாலை ஆறேகால்.
'அவங்கள கூட்டிட்டு வாங்க,
பத்து நிமிஷத்துல திரும்பப் பேசுறோம்.'
நல்ல மழை.
அவன் அப்போதுதான் படியேறி வந்திருந்தான்.
பத்து நிமிஷம்தானே என்று இருந்துவிட்டேன்.
மறுபடி மணி அடித்தது.
'வீட்ல ஆள் இல்லைங்க' என்றேன்.
குரல் எனக்கே நம்பும்படி இருந்தது.

மறுநாள் காலை அதே கூண்டுக்குள் நின்று
அவள் செய்தியைக் கேட்டாள்.
கடைசியாக ஒருதரம் பேசணும் என்றாராம்.
ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டார்களாம்
கொஞ்ச நேரம்.
எனக்கும் கேட்டது.
வரும் அழைப்புக்கு இரண்டு ரூபாய்.
வெளியே வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.
வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

அந்தப் பத்து வருஷத்தில்
எனக்காக நான் பேசியது இரண்டு முறை.
ஒன்று, பரீட்சை முடிவு கேட்கத் திருச்சிக்கு. தேறவில்லை.
இன்னொன்று, அவன் வேலைக்குப் போன திருப்பூர் கம்பெனிக்கு.
மணி போய்க்கொண்டே இருந்தது.
எடுக்காத அழைப்புக்கு மீட்டர் ஓடாது.

இப்போது அங்கே பிரியாணிக் கடை.
கூண்டு இருந்த மூலையில் கைகழுவும் தொட்டி.
போன மாதம் நின்றேன், கொஞ்சம் அதிக நேரம்.
பின்னால் ஒருவர் 'முடிஞ்சுதாம்மா' என்றார்.

இருபது வயதைத் திருப்பித் தருகிறேன் என்று யாரும் வரப்போவதில்லை.
வந்தால் பேரம் பேசுவேன்:
அந்த ஆறேகாலை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.
கழித்தால்
அவன் படியேறி வந்ததும் சேர்ந்து போய்விடும்.
நீலச் சட்டை. தொப்பலாக நனைந்தது.
மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை.