பாகம் எண் 211

மின்வாரியப் படகு இரண்டு நடை அடித்தது.
முதல் நடையில் இயந்திரமும் நாங்களும்,
அடுத்ததில் மேசை, மெழுகுவத்தி,
போலீஸ்காரரின் ரஜாய்.

கோடையில் அணை வற்றினால்
நடுமேட்டுக்கு நடந்தே வரலாமாம்.
இந்தச் சித்திரையில் வற்றவில்லை.
சுற்றிலும் தண்ணீர்,
தண்ணீருக்குள் தலைகீழாகக் கற்பூர மரங்கள்,
நடுவில் பதினொரு கூரை,
ஒரு முட்டைக்கோஸ் தோட்டம்,
வாக்குச்சாவடியாகிவிட்ட அங்கன்வாடி.
சுவரில் அ அணில், ஆ ஆடு.
எந்தச் சின்னத்திலும் அணில் இல்லையே என்று பார்த்து
அப்படியே விட்டோம்.

வாக்காளர் முப்பத்தேழு.

விடிவதற்குள் ஒத்திகை.
ஐம்பது வாக்காவது போட்டுப் பார்க்க வேண்டும், விதி.
இரண்டு கட்சி ஏஜெண்டுகள், காரியும் போஜனும்,
மாமன் மச்சான்,
ஒரே போர்வைக்குள் நின்றபடி
மாறி மாறி அழுத்தினார்கள்.
ஐம்பதும் சரி. அழித்தோம்.
பச்சைத் தாளில் கையெழுத்து, அரக்கு, முத்திரை.
ஏழு மணிக்கு நிஜத் தேர்தல்,
பொய்த் தேர்தலைவிடப் பதின்மூன்று பேர் குறைவு.

ஒன்பதரைக்கு முப்பத்தாறு முடிந்தது.
அதற்குப் பிறகு
ஒரு நாய் வந்து போனது.
வரிசை எண் இருபத்திரண்டு, நஞ்சி,
ஊட்டியில் கேரட் கழுவும் இடத்தில் வேலை.
"எங்களுக்குப் பதினெட்டு, அவனுக்குப் பதினெட்டு" என்றார் காரி,
மழை பெய்யும் என்று சொல்வதுபோல.
போஜன் தலையாட்டினார்.
ரகசிய வாக்கெடுப்பு என்று எழுதிய அட்டை
அவர்கள் தலைக்கு மேல் காற்றில் ஆடியது.

ஐந்து நாற்பதுக்கு வந்தாள்.
முட்டிவரை ஈரம், உள்ளங்கை ஆரஞ்சு நிறம்.
மை வைக்க விரலைத் துடைத்துப் பார்த்தோம்,
அந்த நிறம் போகவில்லை.
மறைப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றாள்.
பீப்.
ஊரே அவள் முகத்தைப் பார்த்தது.
அவள் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

எண்ணிக்கையில்
பதினெட்டு, பதினெட்டு,
தையல் மிஷினுக்கு ஒன்று.
அந்த வேட்பாளர் யாரென்று எனக்கே
பட்டியலைப் பார்த்துத்தான் தெரியும்.

ஜூனில் மகளைச் சேர்க்கப் பள்ளிக்கு வந்தார்
படகோட்டி சேவணன்.
நஞ்சியோடு இரண்டு வீட்டாரும் பேச்சில்லை என்றார்.
குழாயடியில் அவள் குடம்தான் கடைசி.
விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப்
பேனாவைத் திருப்பித் தராமல் சிரித்தார்:
"அந்தத் தையல் மிஷின் நான் போட்டது, டீச்சர்."

காரியின் பதினெட்டில் ஒருவர் அவர்.
அல்லது போஜனின் பதினெட்டில்.
ஊரில் சொன்னீர்களா என்றேன்.
படகை யார் ஓட்டுவது என்றார்.

நான் கணக்கு டீச்சர்.
அவர் போன பிறகு
கரும்பலகையில் மறுபடி கூட்டிப் பார்த்தேன்.
முப்பத்தேழு.
சரியாகத்தான் வருகிறது.