பதினேழாம் போர்ட்

ஷுவைக், மீன் குளிர்கிடங்கு, இரவு இரண்டு மணி.
சுவிட்சின் நாற்பத்தெட்டு விளக்கும்
ஒரே வெறியில் துடித்தன.
எடைமேடை ஊமை. கேமரா குருடு.
வாசலில் ஆறு லாரி, ஒழுகும் ஐஸ்.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
டீ அறை மேசைக்கடியில்
ஒரே கேபிளின் இரு முனையும் சுவரில்.
"சும்மா தொங்கியது பாய், சொருகிவைத்தேன்"
துடைத்த மேசையையே துடைத்தபடி தில்பகதூர்.

சொன்ன சொல் திரும்பி வந்து
மறுபடி புறப்பட்டு
ஒன்று நூறாகி, நூறு லட்சமாகி
யாருக்கும் எதுவும் கேட்காமல் போயிருக்கிறது.

பிடுங்கினேன். அடங்கியது.
பிறகு ஒவ்வொரு போர்ட்டுக்கும் எழுதினேன்:
கணினி வந்தால் காக்கவைக்காதே.
உன் குரலே உனக்குத் திரும்பினால்
அக்கணமே கதவைச் சாத்து.
ஜனவரியிலேயே
நான் எழுதியிருக்க வேண்டிய வரிகள்.

மாடிக்குப் போகும் இரண்டு வழியில்
ஒன்று தானே அடைத்துக்கொண்டது.
பேசாது; கேட்டுக்கொண்டிருக்கும்.
"மஞ்சள் எரிகிறதே, பழுதா?" என்றார் முதீர்.
"அது எரிவதால்தான் மற்றவை பச்சை."

அறிக்கையில் ஒரு கட்டம்:
பொறுப்பானவர் பெயர்.
அதன் விலை மூன்று நாள் சம்பளம்.
பதினேழாம் போர்ட் என்று எழுதிக்
கையெழுத்திட்டேன்.

தில்பகதூர் டீ கொண்டுவந்தார்.
சர்க்கரை கொஞ்சம் அதிகம்.