பதினெட்டு சதவீதம்

லேனா நதி உறைந்து
சாலையாகிக் கிடக்கும் மாதம்.
லாரியை அணைத்தால் அணைந்ததுதான்,
அதனால் இரவெல்லாம் உறுமுகிறது.

ஓட்டுபவன் பெயர் மிச்சில்.
யாகூத் மொழியில் சிரிப்பு என்று பொருளாம்.
எனக்கென்னவோ
மீந்துபோனதுதான் ஞாபகம் வருகிறது.

சிகரெட் லைட்டர் துளை ஒன்றே ஒன்று.
அதில் வயர்லெஸ் சார்ஜாகிறது,
பின்லாரியில் வரும் துயாராவோடு பேச.
பாட்டுக்கு அங்கே இடமில்லை.

அறுபத்துநான்கு காட்டிய பிளேயர்
டயரைத் தட்டிப்பார்க்க அவன் இறங்கி ஏறுவதற்குள்
கண்ணை மூடிவிட்டது.
வெளியே மைனஸ் ஐம்பத்தொன்று.

திட்டவில்லை.
மூன்று சட்டைகளையும் நெகிழ்த்தி
காய்ச்சல் பார்ப்பவனைப் போல
அக்குளில் செருகிக்கொண்டான்.
பதினைந்து கிலோமீட்டர் ஒற்றைக் கையால் ஓட்டினான்.

எடுத்தான்.
பதினெட்டு.

திரையை அணைத்தான், ஒலியைக் குறைத்தான்,
இடது காதில் மட்டும் செருகினான்.
வலது காது
பனிக்கட்டி விரிசல் விடுகிறதா என்று கேட்க.

பாட்டு என்றால் பாட்டில்லை.
துயாரா வாசித்த கொமுஸ், அவள் சமையலறையில் பதிந்தது.
பல்லில் அதிரும் இரும்பு.
நடுவில் கெட்டில் கூவும்,
யாரோ ஓடிப்போய் இறக்குவார்கள்.
அந்த யாரோ இவன்தான்.

நான்கு நாளாய் இருவருக்கும்
"பாதை சரி", "பாதை சரி" தவிரப் பேச்சில்லை.

வயர்லெஸ் கரகரத்தது:
"ஏன் மெதுவாகப் போகிறாய்? என்ன கேட்கிறாய்?"

"எஞ்சினை" என்றான்.

பிளேயரில் ஆறு.
வயர்லெஸ் எப்போதோ நிரம்பி
பச்சை விளக்கு எரிகிறது.
அவன் அதைப் பிடுங்கவில்லை.